ஐந்து நிமிடக் கணக்கு: வானூர் வட்டத்தில் வலிப்பும் மருத்துவ உதவியும்

வானூர் வட்டத்தின் தெற்கு எல்லையில் பட்டானூரைக் கடந்தால் கோரிமேடு, அங்கே ஜிப்மர் மருத்துவமனை. வடக்கே திண்டிவனம் அரசு மருத்துவமனை. மேற்கே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. நாட்டின் பெரும்பாலான கிராமப்புற வட்டங்களுக்கு வாய்க்காத அமைவு இது. ஆகவே, இங்கே ஒரு வலிப்பு நோயாளி சிகிச்சை பெறாமல் இருந்தால் அதற்குத் தொலைவு மட்டுமே காரணமாகாது. வலிப்பு வந்ததும் சுற்றி நிற்பவர்கள் செய்வதும், வலிப்பு நின்றபின் குடும்பம் செய்யாமல் விடுவதும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரியிலோ, கிளியனூர்க் கழனியிலோ ஒருவர் விழுந்து கைகால் இழுத்துக்கொண்டால் முதலில் எழும் குரல், “இரும்பு குடுங்க” என்பதுதான். சாவிக்கொத்தோ அரிவாளோ அவர் கைக்குள் திணிக்கப்படும். சற்று நேரத்தில் இழுப்பு நின்றுவிடும். இரும்பு காப்பாற்றியதாக எல்லோரும் நம்புவார்கள். இந்நம்பிக்கையை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது சரியன்று. கண்ணால் கண்டதிலிருந்தே அது பிறந்திருக்கிறது. ஆனால் மூளை நரம்பணுக்களின் கட்டுமீறிய மின்துடிப்பு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். சாவி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது நின்றிருக்கும். இந்தக் காலக்கணக்கு தெரியாததால்தான் பெருமை இரும்புக்குப் போகிறது.

நேரத்தைப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2015இல் வகுத்த வரையறைப்படி, கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு. 30 நிமிடத்தைத் தாண்டினால் மூளைக்கு நிலையான சேதம் நேரலாம். எனவே அருகில் இருப்பவரின் முதல் வேலை கைப்பேசியில் மணி பார்ப்பது. அடுத்து, அடுப்பு, கிணற்றுமேடு, ஜல்லிக்குவியல் ஆகியவற்றிலிருந்து அவரை விலக்கித் தலைக்கடியில் துண்டை மடித்து வைக்க வேண்டும். சட்டைக் கழுத்தைத் தளர்த்திவிட வேண்டும். இழுப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பற்களுக்கிடையே கரண்டியோ துணியோ திணித்தால் பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். முழு நினைவு திரும்புமுன் வாயில் ஊற்றும் தண்ணீரும் நுரையீரலுக்குள் இறங்கலாம். அழுத்திப் பிடித்தால் இழுப்பு நிற்காது; எலும்புதான் முறியும்.

5 நிமிடம் கடந்தாலோ, நினைவு திரும்புமுன் அடுத்த இழுப்பு வந்தாலோ, நின்றபின் மூச்சு சீராகாவிட்டாலோ 108ஐ அழைக்க வேண்டும். சிலருக்கு அந்த 5 நிமிடமும் காத்திருக்கக் கூடாது: கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள், சர்க்கரை நோயாளிகள், தலையில் அடிபட்டவர்கள், தண்ணீருக்குள் வலிப்பு வந்தவர்கள், பூச்சிமருந்து தெளித்தபின் விழுந்தவர்கள், வாழ்நாளில் முதன்முறையாக வலிப்பு கண்டவர்கள். நெடுநாள் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தியவருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதை ‘போதை இறங்குது’ என்று விட்டுவிடுவது ஆபத்து. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் பின்விளைவின்றிப் போய்விடும். ஆயினும் அது மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவரே.

வலிப்பு பரம்பரை என்றும், சாபம் என்றும் பேசப்படுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. ஆயிரம் பேரில் ஏறத்தாழ நால்வருக்கு வலிப்பு நோய். அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினருக்குப் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி மூளையில் தங்கியதே காரணம். பன்றிக்கறி தொடாதவர்களுக்கும் இது வரும்; மலம் கலந்த மண்ணிலிருந்து முட்டைகள் கீரை வழியாகவும் கை வழியாகவும் வயிற்றுக்குள் போகின்றன. கழிப்பறை கட்டுவதும் கைகழுவுவதும் வலிப்புத் தடுப்பின் பகுதி என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

சிகிச்சை கிட்டாததற்கான இரண்டாவது காரணம், வலிப்பு நின்றபின் தொடங்குகிறது. முறையாக மாத்திரை எடுத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஆறு மாதம் இழுப்பு வராவிட்டால் மாத்திரை நின்றுவிடுகிறது. திடீரென நிறுத்துவதே நீடித்த வலிப்புக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. பெண் பிள்ளைகள் நிலை இன்னும் கொடியது. வரன் பார்க்கும் வீடுகளில் மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குள் ஒளிந்துகொள்கிறது; கல்யாணத்துக்குப்பின் நின்றே போகிறது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்ததை நாடாளுமன்றம் 1999இல் நீக்கிவிட்டது. சட்டம் விட்டதைச் சமூகம் இன்னும் விடவில்லை. வால்ப்ரோயேட் போன்ற சில மாத்திரைகள் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. ஆதலால் ஒளிப்பதற்கு மாறாக, கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்வதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து காட்டியது. தெருத்தெருவாகப் போகும் அத்திட்டப் பணியாளர்களே வலிப்பு மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொள்ளவும், 5 நிமிடக் கணக்கை வீடுதோறும் சொல்லவும் தகுந்தவர்கள். வானூர் வட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து இதைத் தொடங்குமாறு மாவட்டச் சுகாதார நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.