‘நேர்த்தி’ என்னும் அளவுகோல்: தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் தலைமுடியும் மூக்குத்தியும்

1950இல் நிறவெறி அரசு மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒருவரை எந்த இனத்தில் சேர்ப்பது என்ற ஐயம் எழுந்தால், தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பதும் உண்டு. வழுக்கி விழுந்தால் ஒரு இனம். சிக்கி நின்றால் வேறு இனம். அந்தச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. ஆனால் நேரான முடியை இலக்கணமாகவும் மற்றதை வழுவாகவும் கொள்ளும் பார்வை பள்ளி விதிகளுக்குள் குடியேறி மேலும் கால் நூற்றாண்டு நீடித்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெள்ளையர் பள்ளிகள் பிற இனப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தன. பிள்ளைகள் மாறினார்கள், விதிப்புத்தகம் மாறவில்லை. 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம் நடத்தை விதிகளை வகுக்கும் பொறுப்பை அந்தந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுவிடம் விட்டது. ‘நேர்த்தி’, ‘அடக்கம்’ போன்ற சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரிமையும் அதனோடு சேர்ந்தே போயிற்று.

முதல் உரசல்களில் ஒன்று கேப் டவுன் பகுதியிலுள்ள செட்லர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் நேர்ந்தது. ரஸ்தஃபாரி நெறியைத் தழுவிய மாணவி ஒருத்தி சடைமுடியும் கறுப்புத் தொப்பியுமாக வந்தாள். கடுமையான ஒழுங்கீனம் என்று சொல்லிப் பள்ளி அவளை இடைநீக்கம் செய்தது. இத்தனைக்கும் சடைமுடி கூடாது என்று விதியில் வெளிப்படையாக ஒரு சொல்லும் இல்லை. 2002இல் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

அடுத்த வழக்கு முடியைப் பற்றியதல்ல. ஆனாலும் முடி விதிகளுக்கு அதுவே திறவுகோல். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பலோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தொடங்கிய தமிழர் வரலாற்றின் தொலைதூரக் கிளை அது. 2004இல், டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு திரும்பினாள். பெண் பருவமடைந்ததும் மூக்குத்தி அணிவிப்பது தங்கள் குடும்ப வழக்கம் என்றார் தாய். பள்ளி அதை ஏற்கவில்லை. வழக்கில் சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. வழக்கு அரசமைப்பு நீதிமன்றம் வரை போயிற்று. தமிழ் வீட்டுப் பாட்டி ஒருத்தி திண்ணையில் இருந்தபடியே சொல்லிவிடக்கூடிய செய்திக்கு நிபுணர் சாட்சியம் தேவைப்பட்டது!

2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா எழுதிய தீர்ப்பில் இரண்டு கருத்துகள் முக்கியமானவை. மூக்குத்தி மதக் கட்டாயம் இல்லையே என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. ஒருவர் மனமுவந்து பேணும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றார். காதில் தோடு அணியலாம், மூக்கில் கூடாது என்ற விதி நடுநிலையானது அல்ல என்பது இரண்டாவது. வரலாற்றில் சலுகை பெற்றவர்களின் அணி இயல்பானதாகிறது, சிறுபான்மையினரின் அணி விதிமீறலாகிறது என்று அவர் சுட்டினார். தீர்ப்பு வந்தபோது அந்த மாணவி பள்ளியை விட்டே போய்விட்டாள்.

என் கருத்தில், தீர்ப்பின் வலிமை இரண்டாவது கருத்தில் இருக்கிறது; பள்ளிகள் அதிலிருந்து கற்றதோ விலக்கு அளிப்பதை மட்டுமே. மதமோ பண்பாடோ இருப்பவர் விண்ணப்பிக்கலாம். அளவுகோல் அப்படியே இருக்கும். அப்படியானால், எந்த நெறியையும் சாராமல் தலையில் முளைக்கிறபடியே விடப்பட்ட முடிக்கு எதன் பெயரால் விலக்குக் கேட்பது?

2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் கறுப்பின மாணவிகள் கிளப்பியது இந்தக் கேள்வியைத்தான். அங்கே விதியின் வாசகம் தாராளமாகவே இருந்தது. பின்னலும் சடைமுடியும் அனுமதிக்கப்பட்டிருந்தன, தடிமன் 10 மில்லிமீட்டரைத் தாண்டாதவரை. சுருள்முடியை இயல்பாக விரிந்து நிற்கவிடும் ஆஃப்ரோவுக்கு நேரடித் தடை இல்லை. ஆனால் முடி கலைந்து கிடக்கிறது, சரிசெய்துகொண்டு வா என்று ஆசிரியர்கள் சொல்வதாக மாணவிகள் முறையிட்டார்கள். சில நாள்களில் கௌடெங் மாகாணக் கல்வி அமைச்சர் பன்யாசா லெசூஃபி பள்ளிக்கு வந்தார். முடி பற்றிய அந்தப் பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது. மாணவிகள் யாரும் அவரிடம் விலக்குக் கேட்கவில்லை.