திருப்பூரின் மேயர் நாற்காலி

1917-இல் நகராட்சியான திருப்பூர், மாநகராட்சியாக உயர்வதற்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2006 தேர்தலுக்குப்பின் நகர்மன்றத் தலைவராக இருந்த க. செல்வராஜ், அந்தத் தகுதி உயர்வின் வழியாகவே நகரின் முதல் மேயரானார். அதற்குள் உள்ளூர்ச் சந்தைக்கான பனியன் உற்பத்தியில் தொடங்கிய தொழில், 1970-களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்கள் வரத் தொடங்கியபின் ஏற்றுமதியாக விரிந்து, ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி ஈட்டும் நிலையை எட்டியிருந்தது. மேயர் பதவி வந்து சேர்ந்தபோது, நகரின் குடிநீரை யார் கொண்டுவருவது, அதன் ஆற்றை யார் காப்பது என்ற இரு பெருங்கேள்விகளும் மன்றக் கூடத்துக்கு வெளியே முடிவாகிக்கொண்டிருந்தன என்பதை நினைவில் கொண்டால்தான் அந்தப் பதவியின் குறுகிய வரலாறு விளங்கும்.

இந்திய மாநகராட்சி முறை, 1888-ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் வகுத்த பாதையில் வளர்ந்தது. அம்முறையில் செயலாட்சி அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணையாளரிடம் இருக்கும். மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குவார். சென்னையில் மன்றத் தலைவருக்கு மேயர் என்ற பெயர் வந்ததே 1933-இல்தான். அப்பெயரை முதலில் பெற்றவர் ராஜா சர் முத்தையா செட்டியார். சிவப்பு அங்கியும் கழுத்துச் சங்கிலியும் 'வணக்கத்துக்குரிய' என்ற அடைமொழியும் பிரித்தானிய மரபிலிருந்து வந்தவை. அதிகாரம் மட்டும் அந்த அலங்காரத்துக்கு ஈடாக வளரவில்லை. அமெரிக்காவின் நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் மேயரே துறைத் தலைவர்களை நியமிக்கிறார், வரவுசெலவுத் திட்டத்தை முன்வைக்கிறார், மன்றத்தின் தீர்மானத்தைத் தடுத்து நிறுத்தவும் செய்கிறார். காவல்துறையும் அவர் பொறுப்பில் இயங்குகிறது. திருப்பூருக்கு 2014-இல் அமைந்த மாநகரக் காவல் ஆணையரகமோ மாநில அரசின் உள்துறைக்குக் கட்டுப்பட்டது. மேயருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

தண்ணீரின் கதை இதைவிடத் தெளிவானது. துணியை வெளுக்கவும் சாயமேற்றவும் நீர் வேண்டும். நகரின் நொய்யல் ஆறும் நிலத்தடி நீரும் கெட்டபின், சாயப்பட்டறைகள் சுற்றுவட்டாரக் கிராமக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக நீர் வாங்கின. இதற்குத் தீர்வாக 1995-இல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்ற நிறுவனம் உருவானது. மாநில அரசு, நிதி நிறுவனங்கள், ஏற்றுமதியாளர்கள் ஆகியோரின் கூட்டில் எழுந்த இந்நிறுவனம், சுமார் 1,000 கோடி ரூபாய்ச் செலவில் பவானி ஆற்று நீரை நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் அளவில் கொண்டுவரும் கட்டமைப்பை எழுப்பி, 2005 அளவில் விநியோகத்தைத் தொடங்கியது. இந்தியாவில் தனியார் பங்கேற்புடன் நிறைவேறிய முதல் பெரிய நீர்த் திட்டமாக இது பேசப்படுகிறது. தொழிற்சாலைகள் கூடுதல் விலை கொடுக்க, வீடுகளுக்கான நீர் குறைந்த விலையில் வரும் என்பதே அதன் கணக்கு. இந்த ஏற்பாட்டில் நகராட்சியும், பின்னர் மாநகராட்சியும், மொத்தமாக நீர் வாங்கும் வாடிக்கையாளராயின. குழாயில் நீர் வராத நாளில் மக்கள் முற்றுகையிடுவது மேயரையும் கவுன்சிலரையும்தான் என்றாலும், நீரின் விலையைத் தீர்மானித்த ஒப்பந்தம் மேயர் என்ற பதவி பிறப்பதற்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது.

ஆற்றின் விஷயத்தில் முடிவெடுத்தது நீதிமன்றம். பாசனத்துக்காக நொய்யலில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அதன் கீழே இருந்த ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது ஆற்று நீரால் பாசனம் பெறும் நிலங்களுக்கு உரியவர்கள், வழக்குத் தொடர்ந்தனர். கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை 2006-இல் விதித்த சென்னை உயர் நீதிமன்றம், அது நிறைவேறாததைக் கண்டு, 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஊரின் தொழில் முடங்கிய அம்மாதங்களில் ஆணையை நிறைவேற்றியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மீட்சிக்கான கடன் மாநில அரசிடமிருந்து வந்தது. தண்ணீரை விற்ற நிறுவனத்துக்கும் அது அடியானது, ஏனெனில் கூடுதல் விலை கொடுக்கும் வாடிக்கையாளர்களே மூடப்பட்டிருந்தனர்.

அதே 2011-இல் நகரம் பெருத்தது. வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் அருகிலுள்ள ஊராட்சிகளும் இணைக்கப்பட்டு, சுமார் 160 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் 60 வார்டுகள் கொண்ட மாநகராட்சியாக அது மாறியது. அவ்வாண்டு அக்டோபர்த் தேர்தலில் வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த அ. விசாலாட்சி முதல் பெண் மேயரானார். 2016-இல் மன்றங்களின் காலம் முடிந்தபின் தேர்தல் நடைபெறாததால், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகளே நகரை நிர்வகித்தனர். 2022 மார்ச் 4 அன்று ந. தினேஷ்குமார் கவுன்சிலர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு மூன்றாம் மேயரானார். மேயரைத் தேர்வு செய்பவர் வாக்காளரா, கவுன்சிலரா என்ற விதி தமிழகத்தில் ஆட்சிகளின் வசதிக்கேற்ப மாறி வந்திருப்பதால், பதவியில் இருப்பவருக்கு மக்களிடம் நேரடி ஒப்புதல் இருக்கிறதா என்பதும் அவ்வப்போது மாறியே வந்துள்ளது.

அந்த வாக்காளர்கள் யார் என்ற கேள்வியில் அமெரிக்காவின் பழைய நெசவு நகரங்கள் ஓர் ஒப்பீட்டைத் தருகின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், ஆலை வேலைக்குப் புலம்பெயர்ந்த ஐரிஷ் மக்கள் ஒரு தலைமுறைக்குள் வாக்குத் திரட்டி, அயர்லாந்தில் பிறந்த ஜான் பிரீனை 1882-இல் மேயர் பதவியில் அமர்த்தினர். திருப்பூரில் ஆடை தைக்கும் பவர் டேபிளிலும் அதைச் சரிபார்க்கும் செக்கிங்கிலும் வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். வெளிமாநிலத்தவருள் பலரின் வாக்காளர் அட்டை இன்னும் சொந்த ஊர் முகவரியில்தான் உள்ளது. வார்டின் குடிநீரும் தெருவிளக்கும் அவர்களுக்கும் வேண்டும், ஆனால் வார்டுத் தேர்தலில் அவர்கள் கணக்கில் வருவதில்லை. குடியுரிமை பெறும் தடையைத் தாண்டியே ஐரிஷ் தொழிலாளர் அந்த வாக்கை அடைந்தனர். இங்கு அந்தத் தடையே இல்லாதபோதும் இந்நிலை நீடிப்பது விநோதமே.

மேயரும் மன்றமும் ஏறக்குறைய முழுப் பொறுப்பேற்கும் துறை ஒன்று உண்டு, அது குப்பை. வீட்டுக் குப்பை பெருகிய வேகத்துக்கு ஈடாகக் கொட்டுமிடமோ பிரித்தெடுக்கும் வசதியோ வளரவில்லை. மாநகராட்சி கழிவைக் கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிகளில் கொட்டியதை எதிர்த்து, நகரைச் சுற்றியுள்ள கிராம மக்கள் அண்மை ஆண்டுகளில் லாரிகளை மறித்தும் நீதிமன்றம் சென்றும் போராடி வருகின்றனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் சாயப்பட்டறைகளுக்கு நீர் போன வழியிலேயே இப்போது நகரின் கழிவு வெளியே போகிறது; அந்தக் கிராமங்களுள் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பவற்றுக்கு மேயரைத் தேர்ந்தெடுக்கும் மன்றத்தில் உறுப்பினர் ஒருவரும் இல்லை.