கழற்றும் கிரமமும் கைவினை மரபும்: அச்சுவேலி மோட்டார்க் கராச்சுகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஈழத்துக் கைவினைகளைப் பற்றி ஆராயப் புகுவோர் எவரும் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் கொள்கையை ஏற்றோ மறுத்தோ அன்றி மேற்செல்ல இயலாது. 1908-இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலிலும், அடுத்த ஆண்டு வெளிவந்த ‘இந்தியக் கைவினைஞன்’ என்னும் சிறுநூலிலும் அவர் நிலைநாட்ட முயன்ற கருத்தின் சாரம் இதுவாகும்: கருவியானது கைவினைஞனுடைய புத்திக்கு அடங்கி நடப்பது, ஆலை யந்திரமோ அவனுடைய புத்தியைத் தனக்கு அடக்கிக்கொள்வது, ஆகவே ஆலைப் பண்டம் வந்து புகுந்த ஊரில் தலைமுறை தலைமுறையாய்க் கைமாறி வந்த தொழிலறிவு தேய்ந்தே தீரும். இக்கொள்கையை, ஆலைப் பண்டங்களுள்ளும் தலையாயதாகிய மோட்டார் எஞ்சினை வழுவின்றியும் அபாயமின்றியும் கழற்றும் முறை யாழ்ப்பாணத்து அச்சுவேலிக் கராச்சுகளில் வளர்ந்த வரலாற்றைக் கொண்டு பரீட்சித்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பூர்வபட்சத்தை அதற்குரிய முழு வலிவோடும் எடுத்துரைத்த பின்னரே மறுப்பது நம்மவர் வாத மரபு. குமாரசுவாமி யந்திரத்தைக் கண்டு மருண்ட பழமைவாதியல்லர். அவர் நிலவியல் விஞ்ஞானி. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு முதல் இயக்குநராக இருந்தவர். தோரியனைற்று என்னும் கனிமத்தை உலகுக்கு அறிவித்தவர். தமது பெருநூலை இங்கிலாந்தின் புரோட் கம்டன் என்னும் சிற்றூரில், வில்லியம் மொறிஸ் நடத்திய கெல்ம்ஸ்கொற் அச்சகத்திலிருந்து வந்த கையச்சுப் பொறிகளிலே தமது சொந்த மேற்பார்வையில் அச்சிட்டார். அச்சுப்பொறியும் ஒரு பொறியே அன்றோ? அதனை இயக்குவோனுடைய கையும் கண்ணும் எழுத்தின் அமைதியைத் தீர்மானிக்கும்வரை அவருக்கு அதனோடு பகையில்லை. அவர் வெறுத்தது, தொழிலாளி தான் செய்வதன் முழு உருவத்தை அறியாமல் ஒரு துண்டை மட்டும் ஆயிரம் முறை செய்யும் நிலையை. கண்டி நாட்டுக் கம்மாளரையும் வண்ணக்காரரையும் நேரிற் கண்டு எழுதியவர் ஆதலின், அவர் கூறும் அழிவு கற்பனையன்று, பிரத்தியட்சம்.

எனினும் அவருடைய தராசில் ஒரு தட்டு வெறுமையாகவே நிற்கிறது. அவர் நிறுத்துப் பார்த்தது முதன்மையாக ஆக்கத்தை. ஆலையிலே ஆக்கப்பட்ட பண்டம் கடல் கடந்து வந்து, ஒரு கிராமத்துத் தெருவிலே பழுதாகி நின்றபின், அதனைத் திறந்து உள்ளே நோக்குகிறவன் எந்த வகுப்பைச் சேர்ந்தவன்? அவன் ஆலைத் தொழிலாளியல்லன், வெறும் நுகர்வோனுமல்லன். ஆலையிலே ஒருவரும் காணாத முழுமையை, எஞ்சினின் எல்லா அவயவங்களையும் ஒருங்கே ஒரு சாக்கின்மேல் பரப்பி வைத்துக் காண்பவன் அவனே. குமாரசுவாமி பிறந்த அதே 1877-ஆம் ஆண்டிற் பிறந்த இன்னொரு வில்லியம் மொறிஸ், பின்னாளில் நபீல்ட் பிரபு எனப் பெயர் பெற்றவர், ஒக்ஸ்போட் நகரில் சைக்கிள் பழுதுபார்ப்பவராகத் தொழிலைத் தொடங்கியே மொறிஸ் மோட்டார்க் கம்பனியை உண்டாக்கினார் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். பழுதுபார்த்தல் ஆக்கத்தின் எச்சில் அன்று; சில சமயங்களில் அதற்கு மூலமுமாகும்.

இனி, கழற்றுதலில் புத்திக்கு இடமுண்டோ என்பது வினா. மேலோட்டமாய் நோக்குவோர், சேர்ப்பதற்கே அறிவு வேண்டும், பிரிப்பதற்கு ஸ்பானர் போதும் என எண்ணுவர். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனர் 1000-இன் 948 சி.சி. எஞ்சினை மாத்திரம் உதாரணமாகக் கொள்வோம். அதன் தலையை, அதாவது ஹெட்டை, ஒன்பது பிரதான நட்டுகள் பிணித்திருக்கின்றன. அவற்றுள் நான்கு, வால்வுகளை இயக்கும் றொக்கர்த் தண்டின் தாங்கிகளையும் ஊடுருவிச் செல்வன. றொக்கரை மட்டும் எடுக்க விரும்பிய ஒருவன் அந்நான்கையும் கழற்றிவிட்டால், எஞ்சிய ஐந்தும் ஒரு பக்கமாகவே தலையை அழுத்த, தலை கோணி, குளிர்நீர் கஸ்கற்றைக் கடந்து உருளைக்குள்ளும் அங்கிருந்து எண்ணெய்த் தொட்டிக்குள்ளும் இறங்கக்கூடும். ஆகவே றொக்கரை மட்டும் எடுப்பதாயினும் முதலில் றேடியேற்றர் நீரை வடித்து, ஒன்பது நட்டுகளையும் இறுக்கிய கிரமத்துக்கு நேர்மாறாக, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகவே தளர்த்த வேண்டும். அதுவும் எஞ்சின் முற்றாக ஆறிய பின்னர். தள்ளுகோல்கள் எட்டையும் துளையிட்ட மட்டையொன்றில் வரிசையாகக் குத்தி வைத்தல், பற்றறியின் மண்தொடுப்புக் கம்பியை முதலிலே நீக்குதல், ஜாக்கை மட்டும் நம்பாது மரக்குற்றி வைத்து வாகனத்தைத் தாங்குதல், செயின் புளொக்கில் தொங்கும் எஞ்சினின் கீழே உடம்பின் எப்பகுதியையும் நீட்டாதிருத்தல் ஆகியவற்றை அச்சுவேலிக் கராச்சுகளில் எடுபிடியாய்ச் சேரும் பையன் ஸ்பானரைத் தொடுமுன்னரே கற்கிறான். இவ்வாறு கிரமம் தவறாது கழற்றுதல், முழு உருவத்தை அறிந்தவனுக்கன்றி ஏலாத வேலை.

இவ்விடத்தில், என் கைக்குக் கிட்டிய ஒரே சாசனத்தைச் சற்று விரிவாகக் காட்ட வேண்டும். அச்சுவேலியில் ஒரு கராச்சிலே மேற்சொன்ன வகை எஞ்சினொன்று முழுவதும் பிரிக்கப்பட்டிருந்தபோது, பிஸ்ரனையும் கிராங்கையும் இணைக்கும் நான்கு கொன்றொட்டுகளையும் கழுவித் துடைத்துப் பார்வையிட நேர்ந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும், அதன் கீழ்மூடியிலும், 1 முதல் 4 வரை எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கொன்றொட்டும் அதன் மூடியும் ஒருசேரவே துளையிடப்படுவன ஆதலால் மூடிகள் மாறக்கூடாது என்பதற்கான அடையாளம் இது. அவ்வெண்களின் அருகே, சென்ரர் பஞ்ச் கொண்டு கையால் குத்திய புள்ளிகளும் உள. முதலாவதில் ஒரு புள்ளி, மூன்றாவதில் மூன்று. ஆனால் 2 எனப் பொறித்ததில் நான்கு புள்ளிகளும், 4 எனப் பொறித்ததில் இரண்டு புள்ளிகளும் காணப்பட்டன. கழற்றியவர் கூற்றுப்படி, நான்கு புள்ளியுடையது நான்காம் உருளையிலிருந்தே வெளிவந்தது.

பாடபேதம் கண்ட சுவடியைப்போல் இதனையும் நிதானமாக வாசிக்க வேண்டும். கைப்பிழை எனத் தள்ளுவது எளிது. பின்பக்கத்திலிருந்து எண்ணிய தவறாயின் 1-உம் 4-உம், 2-உம் 3-உம் மாறியிருக்கும், இங்கே அவ்வாறில்லை. இவ்வகை எஞ்சினில் கொன்றொட்டின் கீழ்க்கண் நடுவிலன்றி ஒருபுறம் சற்று ஒதுங்கி அமைந்தது. 1-உம் 3-உம் ஓரினம், 2-உம் 4-உம் மற்றோரினம். ஓரினத்துக்குள்ளே மாறினால் எஞ்சின் ஓடும். இனம் விட்டு இனம் மாறினால் ஓடாது. ஆகவே 2-உம் 4-உம் மட்டும் மாறியது தற்செயலாயினும், பொருந்தக்கூடிய எல்லைக்குள் நிகழ்ந்த மாற்றமாகும். பிஸ்ரன்களின் முகத்தில் 040 என்னும் முத்திரையுண்டு. உருளைகள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்கு அகலமாகக் கடையப்பட்டன என்பது அதன் பொருள். கடைசல் வேலையின்போது நான்கும் ஒருங்கே கழற்றப்பட்டுப் புதுப் பிஸ்ரன் பூட்டப்பட்டன ஆதலின், மாற்றம் அப்பொழுது நேர்ந்திருத்தல் கூடும். அதன்பின் எஞ்சின் நெடுங்காலம் ஓடி, பெயறிங்குகள் புதிய இடத்துக்கே தேய்ந்து இசைந்தன. பின்னர் வேறொருவர் திறந்தார். அவர் முன் இரண்டு பிரமாணங்கள் நின்றன: பொறித்த எண், தேய்ந்த இசைவு. அவர் எண்ணை விட்டு இசைவைப் பற்றினார். கழற்றுமுன்னரே இருந்த நிலையைப் புள்ளியால் எழுதிவைத்தார். இதுவே என் வாசிப்பு. ஆலை எழுதிய எழுத்தைக் கண்ணால் கண்டும், எஞ்சினின் அனுபவத்தை அதற்கு மேலாக மதித்த ஒரு கை இங்கே தெரிகிறது. யந்திரம் புத்தியை அடிமைகொண்ட இடத்தில் இத்தகைய புள்ளி பிறக்காது.

ஒரு சாசனத்தின்மேல் இத்தனை பாரம் ஏற்றலாமா என வினவப்படலாம். ஏற்றலாம் என்றே வற்புறுத்துவேன். கராச்சுகள் ஏடு எழுதியவை அல்ல. அவற்றின் எழுத்து இரும்பிலேயே உள்ளது. பழைய ஓட்டு வீட்டைப் பிரித்து வேறிடத்தில் எழுப்பும் தச்சர், வளைகளிலும் கைமரங்களிலும் உளியால் கீறி வரிசை குறிக்கும் வழக்கத்தோடு இப்புள்ளிகள் உறவுடையவை என்பது என் ஊகம். அவ்வுறவை நிரூபிக்கும் இடைச்சான்று என்னிடம் இல்லை. ஆயினும் பிரிப்பதற்கு முன் குறித்தல் என்னும் ஒழுங்கு இங்கே மோட்டாரோடு இறக்குமதியானது என்று கொள்வதற்கு அதைவிடக் குறைந்த ஆதாரமே உண்டு.

இப்புள்ளிகளின் காலநிர்ணயம் வேறு சிக்கல். மேல் எல்லை தெளிவு: 948 சி.சி. எஞ்சின் 1956-இல் வெளிவந்தது. 1962-இல் 1098 சி.சி. அதன் இடத்தைப் பிடித்தது. கீழ் எல்லை தெளிவன்று. போர்க்காலப் பொருளாதாரத் தடையே யாழ்ப்பாணத்து மெக்கானிக்கை உண்டாக்கியது எனப் பலரும் வழங்குவர். 1990 ஜூன் மாதத்துக்குப் பின் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினர் என்பது நாடறிந்தது. குளிர்ந்த எஞ்சினில் முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எண்ணெயை நீர்த்துப்போகச் செய்து, பெயறிங்குகளை அரித்தது. அதனால் எஞ்சின்கள் அடிக்கடி திறக்கப்பட்டன. இவ்வளவும் மெய். ஆனால் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும் இரட்டைத் தாங்கி எஞ்சின்கள் நீரிறைக்கும் யந்திரங்களாகத் தோட்டக் கிணற்றடிக்கு முன்னரே வந்துவிட்டன. அச்சுவேலிச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வைத்தவர்களுக்கு மண்ணெண்ணெய் எஞ்சினின் குணதோஷம் புதிதன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்ட காலத்தில் உதிரிப்பாகத் தட்டுப்பாடும் பழகிய ஒன்றே. பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களுட் பலவற்றின் அமுக்க விகிதம் 7.2-க்கு ஒன்று என்ற அளவில் தாழ்ந்திருந்தமையும் மண்ணெண்ணெய்க்கு இசைந்தது. தடைக்காலம் மரபைச் சோதித்தது, பிறப்பிக்கவில்லை. நம் கொன்றொட்டுகளின் புள்ளிகள் அக்காலத்துக்கு முன்னையவையா பின்னையவையா என்பதை நிர்ணயிக்க என்னால் இயலவில்லை. 040 முத்திரையின் பின் என்பதற்கு மேல் எதுவும் சொல்வது துணிபாகும்.

குமாரசுவாமிக்கு நியாயமாக ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். 1977-க்குப் பின் வந்த ஜப்பானிய வாகனங்களின் வழியாகவும், போர் முடிந்த 2009-க்குப் பின் வந்த புதிய வாகனங்களின் வழியாகவும், எஞ்சினைத் திறவாமல் முழுதாகவே மாற்றும் வழக்கம் பெருகி வருகிறது. ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும், மறுமுறை பயன்படா ஹெட் போல்ட்டுகளும், கணினி வாசித்துச் சொல்லும் பிழை எண்களும் வந்தபின், தேய்மானத்தை வாசிக்கும் கண்ணுக்கு வேலை குறைகிறது. அவர் 1908-இல் கூறியது மோட்டாரின் முற்காலத்துக்குப் பொருந்தாமற் போய், அதன் பிற்காலத்துக்குப் பொருந்துகிறது என்பதே என் தீர்ப்பு.

அச்சுவேலியை உள்ளடக்கிய வலிகாமத்தில் பழைய எஞ்சின்களை வைத்திருப்போருக்கு ஒரு விண்ணப்பம்: கொன்றொட்டுகளையும் பெயறிங் மூடிகளையும் பழைய இரும்புக்குக் கொடுக்குமுன், மண்ணெண்ணெயில் கழுவி, அவற்றிலுள்ள எண்களையும் புள்ளிகளையும், எந்த உருளையிலிருந்து எடுத்தது என்னும் குறிப்போடு, ஒரு தாளில் வரைந்து வையுங்கள். வேறு இரண்டு எஞ்சின்களிலாயினும் இத்தகைய பேதம் கிட்டுமாயின் மேலே கூறிய வாசிப்பை உறுதிப்படுத்தவோ கைவிடவோ அது போதும்.