வெட்டுக் காது

சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. மயங்கிக் கிடக்கும் தெருநாயின் காது விளிம்பிலிருந்து முக்கோணமாக நறுக்கி எடுக்கும் அந்தத் தோல்துண்டு குப்பைக்குப் போய்விடும். காதில் மிஞ்சுகிற இடைவெளிக்குத்தான் ஆயுள் கெட்டி. ‘இதற்குக் கருத்தடை ஆகிவிட்டது, விட்டுவிடு’ என்று வலையோடு வருகிறவருக்கு அது நாயின் கடைசி நாள் வரை சொல்லிக்கொண்டிருக்கும்.

இதன் பூர்வீகம் கழுத்து. அந்தக் காலத்தில் வரி கட்டிய வீட்டு நாய்க்கு முனிசிபாலிட்டி ஓர் உலோக வில்லை கொடுக்கும். வில்லை தொங்கினால் உயிர் தங்கும்; வெறுங்கழுத்தாக இருந்தால் நாய் வண்டி. 1832இல் பம்பாயில் நாய்த் தலைக்கு எட்டணா என்று அறிவித்ததும், காசு ஆசையில் வீட்டு நாய்களையும் சேர்த்து அடிக்கப் போய், பார்சிகள் கொதித்தெழுந்து கலவரமே ஆனது. நாயின் உடம்பில் யாருடையது என்ற குறி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பழைய சாட்சி.

சென்னை மாநகராட்சி நூறு ஆண்டுக்கும் மேலாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தது. கணவன், மனைவி இருவருமே விமானம் ஓட்டியவர்கள். அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா எழுதியிருப்பதன்படி, 1990களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன. அதற்கு முன்பே, இவ்வளவு தோல் வீணாகிறதே என்று, நாய்த் தோலில் கழுத்து டையும் பணப்பையும் செய்யும் யோசனை வரை எழுந்திருக்கிறது. அத்தனை கொன்றும் தெருவில் நாய் ஏன் குறையவில்லை என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. ஒரு தெருவில் எத்தனை நாய் பிழைக்கும் என்பதை அந்தத் தெருவின் குப்பைத்தொட்டியும் கறிக்கடையும் தீர்மானிக்கின்றன. இருந்த நாய் போனால் சோறு மிஞ்சும். பக்கத்துத் தெரு நாய் வரும். பெட்டை நாய் ஏறக்குறைய 63 நாளில் ஈனும், ஆண்டுக்கு இரண்டு ஈற்றுகூட உண்டு. வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்தக் கணக்கை முந்த முடியாது. ஆகவே பிடி, அறுவை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு என்பது புளூ கிராஸின் வாதம். 1964லேயே முன்வைத்த யோசனை இது. மாநகராட்சி செவிசாய்க்க 1990களின் நடுப்பகுதி ஆயிற்று. அதுவும் முதலில் தென்சென்னையின் ஒரு பகுதிக்கு மட்டும்.

கொல்லாமல் திருப்பி விட ஆரம்பித்ததும் ஒரு சங்கடம் முளைத்தது. நேற்று அறுத்தது எது, அறுக்காதது எது? கடுவனைப் பின்னால் பார்த்தே சொல்லிவிடலாம். பெட்டையின் கருப்பையும் சினைப்பையும் உள்ளே இருப்பவை. முடி வளர்ந்துவிட்டால் தழும்பு தெரியாது. தெரியாமல் பிடித்துப் போய் மறுபடி வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதைவிடக் கொடுமை வேறு இல்லை. பட்டை கட்டிப் பார்த்தால் அறுந்து விழும், இளம் நாய் வளர வளர இறுகும். காதுக்குள் பச்சை குத்தலாம். அதைப் படிக்க நாயின் காதைப் புரட்ட வேண்டும், அதற்கு நாயும் சம்மதிக்க வேண்டும். இருபது அடி தூரத்திலிருந்து, ஓடுகிற நாயில் தெரிய வேண்டும் என்றால் காது விளிம்புதான் மிச்சம். எப்படியும் மயக்கத்தில் கிடக்கிறது. அதே மயக்கத்திலேயே நறுக்கி, ரத்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். கழுத்து வில்லை உடையவனின் பணத்தால் வந்தது. உடையவன் இல்லாத நாய் இதைத் தன் தோலால் வாங்குகிறது.

2001இல் மத்திய அரசின் நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது காது வெட்டுக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. பிறகு அது இமயம் ஏறியது: பூட்டான் 2009இல் தொடங்கி, 2023இல் தன் தெருநாய்கள் அத்தனைக்கும் கருத்தடை முடிந்ததாக அறிவித்தது. அங்கேயும் வெட்டுக் காதுதான் அடையாளம். இங்கே, 2024 கணக்கெடுப்பில் சென்னைத் தெருநாய்கள் ஏறத்தாழ 1.81 லட்சம். அவற்றில் கருத்தடை ஆனவை நாலில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருந்தன. வெட்டின் மீது எனக்குக் குறையில்லை, கத்திரிக்கோல் போதாததுதான் குறை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வெட்டுக் காதைப் பார்த்ததும் ‘ஊசி போட்ட நாய், பயமில்லை’ என்று சொல்கிறவர்கள் அதிகம். அறுவையன்று வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும், வெட்டோ அழியாது. நான்கு வருடத்துக்கு முந்தைய வெட்டு இந்த வருட ஊசிக்கு ரசீது ஆகாது. கடித்தால், காதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2025இல் இந்த வெட்டின் மதிப்பு நீதிமன்றத்தில் ஆட்டம் கண்டது. டெல்லியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்றும், வெளியே விடக் கூடாது என்றும் ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினோரு நாளில், வெறிநோயும் மூர்க்கமும் இல்லாதவற்றைக் கருத்தடைக்குப் பின் பழைய இடத்தில் விடலாம் என்று மூன்று நீதிபதிகள் திருத்தினார்கள். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கேயே திருப்பி விடக் கூடாது என்று ஆயிற்று. அங்கே வெட்டுக் காது இருந்தும் பயனில்லை.

சென்னையில் இப்போது மைக்ரோசிப் வந்துவிட்டது. அரிசி மணியளவு, தோலுக்கடியில். வீட்டு நாய்க்கு உரிமமும் சிப்பும் கட்டாயம்; வில்லை வேறு உருவில் திரும்பியிருக்கிறது. ஆனால் சிப்பைப் படிக்கக் கருவியை உடம்போடு ஒட்டிக் காட்ட வேண்டும். வலைக்காரர் இன்னமும் காதைத்தான் பார்க்கிறார்.

அந்தப் பார்வை தவறியதை எங்கள் தெருவில் கண்டேன். ஒரு செவலைப் பெட்டையின் இடது காதைச் சண்டையில் வேறொரு நாய் கிழித்துவிட்டது, அச்சு அசலாக முக்கோணம். வண்டி இரண்டு முறை வந்து அதைத் தாண்டிப் போனது. செவலை இரண்டு முறை ஈன்றது. மூன்றாம் முறை வண்டி வந்தபோது இஸ்திரிக்காரர் பெட்டியை வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சொன்னார்: “சார், அது வெட்டு இல்ல, கடி.” பிடித்துப் போனார்கள். ஐந்தாம் நாள் திரும்பி வந்து, அவர் தள்ளுவண்டிக்கு அடியில் வழக்கமான இடத்தில் படுத்தது. இப்போது வலது காதிலும் ஒரு முக்கோணம்.