சில்வர் அரோவானா: தாம்பரம் வட்டாரத்தில் வீட்டு வளர்ப்பு

சில்வர் அரோவானா, தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் வேட்டை மீன். விலங்கியலார் இதை ஆஸ்டியோகுளோசம் பைசிரோசம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் பலருக்கு இது ‘வாஸ்து மீன்’. சென்னையின் வடக்கே கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விரல் நீளக் குஞ்சாக விற்கப்படும் இந்த மீன், தெற்கே ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் அடுக்குமாடி வீடுகளின் கூடம் வரை வந்துவிடுகிறது. நன்றாகத் தீனி கிடைத்தால் முதல் ஆண்டிலேயே ஓரடியைத் தாண்டிவிடும். வீட்டுத் தொட்டியில் இரண்டு முதல் இரண்டரை அடி வரையும், சொந்த ஆற்றில் மூன்றடி வரையும் வளரும். பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியது. புதிதாக வாங்குபவர் கேட்கிற முதல் கேள்வி விலை. கேட்க வேண்டியது, இரண்டடி மீனுக்கு வீட்டில் எங்கே இடம் என்பது.

உடலும் குணமும்

நாடாபோல் தட்டையான நீண்ட உடல், பெரிய வெள்ளிச் செதில்கள், வாலை ஒட்டி வரும் முதுகுத் துடுப்பு, தாடை நுனியில் இரண்டு மீசைகள். வாய் மேல்நோக்கித் திறக்கும். நாக்கிலும் எலும்பும் பற்களும் உண்டு. இதே வரிசையைச் சேர்ந்த உறவுக்காரர் ஒருவர் நம் ஆறு ஏரிகளிலும் இருக்கிறார்: சொட்டைவாளை.

மேல்நோக்கிய வாய்க்குக் காரணம் இரை. மழைக்காலத்தில் அமேசான் ஆறு காட்டுக்குள் ஏறி நிற்கும்போது, தாழ்ந்த கிளைகளில் இருக்கும் வண்டு, சிலந்தி போன்றவற்றை இந்த மீன் எம்பிப் பிடிக்கிறது. தன் உடல் நீளத்துக்கு மேலும் அதனால் தாவ முடியும். தொட்டிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. தொட்டிக்கு மேல் சுவரில் பல்லி நின்றாலோ, மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் பறந்தாலோ மீன் தாவும். மூடியில் இரை போடுவதற்கென்று விட்ட நாலு விரல் இடைவெளி அதற்குப் போதும். வீட்டு அரோவானாக்கள் இறப்பதில் நோய்க்கு இணையான காரணம் இது. காலையில் தரையில் காய்ந்து கிடக்கும் மீனைக் கண்ட வீடுகள் நிறைய. ஆகவே மூடி கண்ணாடியோ கம்பி வலையோ எதுவானாலும் முழுத் தொட்டியையும் மறைக்க வேண்டும். அதன்மேல் பாரமும் வேண்டும், ஏனென்றால் பெரிய மீன் மூடியைத் தள்ளிவிடும்.

மிரளும் குணமும் உண்டு. இருட்டறையில் திடீரென்று டியூப்லைட்டைப் போட்டால் கண்ணாடியில் மோதித் தாடையைச் சிதைத்துக்கொள்ளும். தீபாவளி வாரத்தில் வெடிச்சத்தம் கேட்கும் பக்கம் துணியால் மறைத்து, இரவில் சிறு விளக்கொன்றை எரியவிடுவது வழக்கம்.

இனப்பெருக்கத்தில் தகப்பன்தான் தாய். பெண் இட்ட பெரிய முட்டைகளை ஆண் வாய்க்குள் வாங்கி, குஞ்சுகள் கரு உணவுப் பை வற்றி நீந்தும்வரை வாரக்கணக்கில் சுமக்கிறது. காட்டுக் குஞ்சுகளைப் பிடிப்பவர்கள் அந்த ஆணைக் கொன்று வாயைத் திறந்து எடுப்பது தென் அமெரிக்காவில் நடந்துவந்த வழக்கம். வண்ணமீன் வியாபாரத்தில் கண்ணுக்குத் தெரியாத விலை இது. வயிற்றில் மஞ்சள் பை தொங்கும் குஞ்சைக் கடையில் யாராவது அழகு என்று காட்டினால் வாங்காமல் விடுவது நல்லது. அது இன்னும் இரை எடுக்கப் பழகவில்லை.

தொட்டி

குஞ்சுக்கு மூன்றடித் தொட்டி சில மாதங்களுக்குப் போதும் என்று கடைகளில் சொல்வது உண்மைதான். அந்தச் சில மாதங்கள் முடிந்த பிறகு என்ன என்பதை யாரும் சொல்வதில்லை. வளர்ந்த மீன் தன் உடலை வளைத்துத் திரும்பக் குறைந்தது இரண்டரை அடி அகலம் வேண்டும். நீளம் ஆறடிக்குக் குறையக் கூடாது. அகலம் போதாத தொட்டியில் வளரும் மீனின் முதுகு வளையும், துடுப்பு கண்ணாடியில் உரசித் தேயும். உயரத்துக்குச் செலவழிப்பது வீண், ஏனென்றால் இது மேல்மட்டத்திலேயே நீந்தும் மீன்.

ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம் என்றால் கொள்ளளவு சுமார் 850 லிட்டர். தண்ணீரின் எடையே 850 கிலோ. கண்ணாடியும் இரும்பு ஸ்டாண்டும் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். வீட்டு அறைத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பரவலான சுமைக்குக் கணக்கிடும்படி இந்தியக் கட்டட விதி சொல்கிறது. இந்தத் தொட்டி நிற்கும் இடம் ஒன்றரைச் சதுர மீட்டர்கூட இல்லை. மூன்றாவது மாடிக்காரர் பால்கனியில் வைக்கவே கூடாது. உள்ளறையிலும் உத்தரம் ஓடும் சுவரை ஒட்டித்தான் வைக்க வேண்டும், அதுவும் கட்டடப் பொறியாளரிடம் கேட்டுக்கொண்டு. தரைத்தளத்தில் இந்தக் கவலை இல்லை. அங்கே வெள்ளம் என்ற வேறு கவலை இருக்கிறது.

அடியில் மணலோ கூழாங்கல்லோ போடாமல் வெறுமையாக விடுவதே பெரிய வேட்டை மீனுக்கு வசதி. கழிவு தேங்காது, உறிஞ்சி எடுப்பதும் எளிது.

தண்ணீர்

இந்த வட்டாரத்தில் மீன் வளர்ப்பின் பாதித் தொல்லை இங்கேதான். போர் தண்ணீர் பல தெருக்களில் கடினநீர், பி.எச். அளவும் ஏறியே இருக்கும். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின். லாரித் தண்ணீர் அன்றன்று எந்தக் கிணற்றிலிருந்து வந்ததோ அதன் குணம். மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கும் அடுக்குமாடியில், போன வாரத் தண்ணீரும் இந்த வாரத் தண்ணீரும் ஒன்றாக இருக்காது. அமேசான் மீனுக்கு மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள நீரே இயல்பு. ஆனாலும் நிலையாக இருந்தால் கடினநீரிலும் பழகிக்கொள்ளும். மாற்றத்தைத்தான் தாங்காது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரில் உப்புச் செறிவு அதிகம், அது தொட்டிக்கு ஆகாது.

மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஃபில்டர் பஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி, மீன், ஃபில்டர் மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வாங்கிவந்தவர்களின் மீன் இரண்டாவது வாரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இதனால்தான். கடைக்காரர் கொடுக்கும் நீல மருந்தால் அது தீராது. பாதித் தண்ணீரை மாற்றுவதும் இரையை நிறுத்துவதுமே தீர்க்கும்.

நம் ஊர் வெப்பமும் போர் தண்ணீரும் சேர்ந்து இந்த நச்சைக் கூர்மையாக்குகின்றன. நீரின் வெப்பம் 30 பாகையும் பி.எச். 7-மாக இருக்கும்போது, மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருப்பதில்லை. பி.எச். 8 ஆனால் அது ஏழு, எட்டுப் பங்காகிவிடும். பெங்களூரு நண்பர் சொன்ன அளவுக்கு இரை போட்டு இங்கே மீனை இழப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கத்திரி வெயிலில் இன்னொரு சிக்கல் சேர்கிறது: 25 பாகை நீரில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 32 பாகையில் 7.3 மட்டுமே. ஹீட்டர் இங்கே பெரும்பாலும் தேவைப்படாது. மே மாதத்தில் மூடிக்கு மேல் சிறு மின்விசிறியும் கூடுதல் ஏர் பம்ப்பும் தேவைப்படும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுவது குறைந்தபட்ச ஒழுங்கு. 850 லிட்டர் தொட்டிக்கு அது 200 லிட்டருக்கு மேல். கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கும் குடியிருப்பில் இந்தக் கணக்கை அண்டைவீட்டாரும் போட்டுப் பார்ப்பார்கள். புதிய நீரை ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுவது பாதுகாப்பு. குளோரினுக்கு சோடியம் தயோசல்பேட் படிகம் எல்லா வண்ணமீன் கடைகளிலும் கிடைக்கும். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலச வேண்டும்.

இரை

குஞ்சுக்கு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, வளர்ந்ததற்கு ஒருவேளை. பெரிய மீனுக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது. சந்தையில் வாங்கும் சின்ன இறாலைத் தலையும் கொம்பும் நீக்கி நறுக்கிப் போடலாம். மிதக்கும் பெல்லட்டுக்கு இளமையிலேயே பழக்கிவிட்டால் வளர்ப்பவருக்குப் பாதித் தலைவலி போகும். பழக்கும் வழி பிடிவாதம்தான்: இரண்டு நாள் பட்டினி போட்டு, இறால் சாற்றில் நனைத்த பெல்லட்டைக் கொடுத்தால் பெரும்பாலானவை இறங்கி வரும்.

உயிருள்ள மீன் போடுவது பார்ப்பவர்களுக்குக் கேளிக்கை, மீனுக்குக் கேடு. மலிவாகக் கிடைக்கும் தங்கமீன் குஞ்சுகள் நங்கூரப் புழு, மீன்பேன் போன்ற ஒட்டுண்ணிகளைக் கொண்டுவரும். தங்கமீன் உடலில் உள்ள தயாமினேஸ் என்னும் நொதி வைட்டமின் பி-1-ஐச் சிதைப்பதால், அதையே தின்னும் மீன் நாளடைவில் நலிந்துபோகும். கோழி ஈரலும் மாட்டிறைச்சியும் கொழுப்பாகத் தேங்கும். சமையலறைக் கரப்பான்பூச்சியை அரோவானா விரும்பித்தான் சாப்பிடும், ஆனால் எந்த வீட்டில் மருந்து அடித்தார்களோ யாருக்குத் தெரியும்.

வளர்ந்த அரோவானாக்களின் கண் கீழ்நோக்கிச் சரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கொழுப்பு மிகுந்த இரை, கீழேயே பார்த்துக்கொண்டிருப்பது, பிறவிக் கூறு எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒருமித்த முடிவு இல்லை. செவுள் மூடியின் ஓரம் வெளிப்புறம் சுருளுவது வேறு, அது பெரும்பாலும் தண்ணீர் கெட்டதன் அடையாளம்.

கூட்டாளி மீன் வேண்டுமென்றால், வாய்க்குள் போகாத அளவும் அடிமட்டத்தில் வாழும் குணமும் கொண்டதாக இருக்க வேண்டும். தனியாக விட்டாலும் அரோவானா வருந்துவதில்லை.

மின்வெட்டு, மழை

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் தாம்பரத்தின் மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைத் தண்ணீரில் நிறுத்தியதை எவரும் மறக்கவில்லை. வெள்ளம் வராத தெருக்களிலும் மின்சாரம் போகிறது. ஃபில்டர் நின்றால் பெரிய மீனுக்குச் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தட்டத் தொடங்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கவேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மின்விசிறியை விட ஏர் பம்ப்புக்கு முதலிடம். அதுவும் இல்லையென்றால் ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கலாம். மின்சாரம் வரும்வரை இரை கூடாது. பல மணி நேரம் நின்றிருந்த ஃபில்டரை அப்படியே ஓட்டினால், உள்ளே அழுகிய நீர் தொட்டிக்குள் போகும். முதலில் அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

சட்டம்

சில்வர் அரோவானா கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை. அதன் தூர உறவான ஆசிய அரோவானா விஷயம் வேறு. சிவப்பு, தங்க நிறங்களில் பெரும் விலைக்குப் போகும் அந்த மீன், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. பதிவு பெற்ற பண்ணைகளில் பிறந்து, உடலில் மைக்ரோசிப் பொருத்தப்பட்டவை மட்டுமே உலகச் சந்தையில் முறைப்படி விற்கப்படுகின்றன. 2022-இல் திருத்தப்பட்ட இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சைட்டிஸ் இனங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. அவற்றை வைத்திருப்போர் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. அமேசானின் இன்னொரு பெரிய மீனான அரபைமாவும் இந்த அட்டவணைக்குள் வரும். காகிதம் இல்லாத ‘ரெட் அரோவானா’வை யாராவது மலிவாகத் தந்தால், வாங்குபவர் மீனோடு வழக்கையும் வாங்குகிறார்.

இடம் போதாமல் போனால்

ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை வட்டார ஏரிகள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு நீர் தரும் சங்கிலியைச் சேர்ந்தவை. பள்ளிக்கரணை 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, ராம்சார் தலமாயிற்று. தொட்டி கொள்ளாத மீனை இருட்டிய பிறகு வாளியில் கொண்டுபோய் இந்த ஏரிகளில் விடுவது, பலருக்கு மீனுக்குச் செய்யும் கருணையாகப் படுகிறது. இங்கே உள்ள விரால், குறவை, கெண்டைக் குஞ்சுகளுக்கு அது புதிய வேட்டைக்காரன். மழையில் ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் மீன் அடுத்த ஏரிக்குப் போய்விடும். ‘டாங்க் கிளீனர்’ என்று விற்கப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தி சென்னை நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பது இப்படித்தான் தொடங்கியது. கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமாக்கள் சாலக்குடி, பெரியாறு ஆறுகளில் வலையில் சிக்கின. 2023 மே மாதம் காஷ்மீரின் தால் ஏரியில் அலிகேட்டர் கார் என்னும் அயல் வேட்டை மீன் ஒன்று அகப்பட்டது.

மாற்று வழிகள் இருக்கின்றன. கொளத்தூரில் பெரிய மீன்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு, ஆனால் குஞ்சுக்குக் கொடுத்த விலையை எதிர்பார்க்கக் கூடாது. பெரிய தொட்டியோ சிமென்ட் குளமோ வைத்திருக்கும் வளர்ப்பாளர்களும் வாங்கிக்கொள்வார்கள். யோசனை கேட்கப் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கொண்டுபோகும் முன் மீனுக்கு இரண்டு நாள் இரை கொடுக்கக் கூடாது, இல்லாவிட்டால் வழியிலேயே கழிவால் தண்ணீர் கெடும். இரண்டடி மீனை வலையில் அள்ளினால் செதில் உதிரும். நீருக்குள்ளேயே பெரிய பாலிதீன் பைக்குள் மெல்ல ஓட்டி, தண்ணீரோடு தூக்க வேண்டும். தூக்க இரண்டு பேர் தேவை. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், வெளியே இன்னொரு பை, அதற்கு வெளியே இருட்டான தெர்மாகோல் பெட்டி. தாம்பரம்–மதுரவாயல் புறவழிச்சாலையில் லாரி நெரிசல் தொடங்கும் முன், விடிகாலையில் புறப்படுவது மீனுக்கும் நல்லது, பெட்டியை மடியில் வைத்திருப்பவருக்கும் நல்லது.