பரங்கிமலைக் கற்சிலுவை ஆலயம்

மின்சார ரயிலில் தாம்பரம் போகிறவர்களுக்குப் பரங்கிமலை ஒரு நிறுத்தத்தின் பெயர். அண்ணாந்து பார்த்தால்தான் ஏறக்குறைய 300 அடி உயரத்தில் வெள்ளையாக நிற்கும் நம் சிற்றாலயம் கண்ணில் படும். திருத்தூதர் தோமையார் கி.பி. 72இல் இந்த மலையில்தான் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்துறந்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. 1523இல் போர்த்துகீசியர் இங்கே ஆலயம் எழுப்பினார்கள். அவர்களைப் பரங்கியர் என்றழைத்த மக்கள், மலைக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஆலயத்தைவிட மூத்தது அதனுள் இருக்கும் சிலுவை. 1547இல் கட்டட வேலைக்கு அஸ்திவாரம் தோண்டியபோது அந்தக் கற்பலகை மண்ணிலிருந்து வெளிப்பட்டது. இன்று பீடத்துக்குப் பின்னால் சுவரில் பதித்திருக்கிறார்கள். அருகே போய்ப் பாருங்கள்: சிலுவையின் முனைகள் மொட்டு விரிவதுபோல் இருக்கும், தலைக்கு மேலே ஒரு புறா இறங்கிவரும், அடியில் இதழ்கள். சுற்றியுள்ள வளைவில் எழுத்துகள் ஓடும். தமிழும் அல்ல, கிரந்தமும் அல்ல, பழைய பாரசீகத்தின் பஹ்லவி! அறிஞர்கள் இதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்கிறார்கள். போர்த்துகீசியக் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகத் திருச்சபையின் வழிபாடு இந்தக் கரையில் வேரூன்றியிருந்தது என்பதற்கு இந்தக் கல்லே சாட்சி. என் கண்ணில் இம்மலையின் பெருஞ்செல்வம் இதுதான்.

1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நடக்கையில் இச்சிலுவையில் செந்நீர் துளிர்த்தது என்றும், கடைசியாக 1704இல் அப்படி நிகழ்ந்தது என்றும் மரபு சொல்கிறது. அதே டிசம்பர் 18தான், பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் நம் மாதாவின் திருநாள்.

மலையேறும் படிக்கட்டைத் தம் செலவில் அமைத்துக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726இல் மர்மலாங் பாலம் கட்டியவரும் அவரே. வழிப்போக்கர் நனையாமல் ஆற்றைக் கடக்கவும், முதியவர் மூச்சு வாங்காமல் மலையேறவும் ஒரே மனிதர் பணம் கொடுத்திருக்கிறார். 1802இல் நில அளவையாளர் லாம்ப்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியதும் இம்மலையின் அடிவாரத்திலிருந்துதான். 1986இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து செபித்தார்.

திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேலிருந்து விமானம் இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், தவறில்லை. அதற்கு முன் அவர்களைப் பீடத்தருகே அழைத்துப்போய், அந்தக் கல்லில் இருக்கும் எழுத்துகளைக் காட்டிவிடுங்கள்.