அம்மாயி கேட்ட வழக்கு

அற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த என் அம்மாயிக்குக் கொழும்பு வழக்கொன்று அத்துப்படி. சதாசிவம் கொலை வழக்கு. கணக்கப்பிள்ளை இஸ்தோப்பில் இருந்து வீரகேசரியை உரத்து வாசிப்பாராம். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்கள் கூடையோடு நின்று கேட்பார்களாம்.

மகாதேவா சதாசிவம் 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கெதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கிய கிரிக்கெட் வீரர். மனைவி பரிபூரணம் ஆனந்தம் செல்வக் குடும்பத்துப் பெண், நான்கு பெண் பிள்ளைகளின் தாய். அவர் விவாகரத்துக் கோரி வழக்குத் தொடுத்திருந்தார். அதற்கான அழைப்பாணை கணவரின் கைக்குக் கிடைத்த மறுநாள், 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, பம்பலப்பிட்டி வீட்டின் கார்க் கொட்டிலில் கழுத்து நெரிக்கப்பட்டுப் பிணமாகக் கிடந்தார். கழுத்தின் மேல் ஓர் உரல்.

வேலைக்காரப் பையன் வில்லியம், எசமானுக்குத் தான் உதவியதாகச் சொல்லி, மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானான். எதிரிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். விசாரணை 57 நாட்கள். சதாசிவம் காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரில் வெளியேறியிருந்தார். மரணம் அதற்கு முன்னா, பின்னா? வழக்கே அந்த மணிக்கணக்கில்தான் தொங்கியது. எடின்பரோவின் சேர் சிட்னி சிமித் எதிரி தரப்புக்காகச் சாட்சியம் சொன்னார். உடலின் சூடும் விறைப்பும் பாதத்து அழுக்கும் நாட்கணக்கில் அலசப்பட்டன. 1953 ஜூன் 25ஆம் திகதி யூரிமார் ஒருமனதாக நிரபராதி என்றனர். இருபது மாதம் மறியலில் இருந்தவர் வீடு திரும்பினார்.

அம்மாயி ஒன்று மட்டும் கேட்பாள்: "அது சரி, அந்தம்மா போட்ட வழக்கு என்னாச்சு?"

வழக்காளி இறந்தால் விவாகரத்து வழக்கும் தானாக முடிந்துவிடும். அவர் ஏன் பிரிய விரும்பினார் என்பதை அவர் வாயால் எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. சட்டம் செல்வப் பெண்களுக்கும் பெரிதாக வளைந்து கொடுத்ததில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டியிருந்தது. வீட்டு வன்முறைக்கென நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறும் வழி 2005இல்தான் வந்தது.

தோட்டத்தில் காணியேது, சம்பளம்தான். பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம், சமமானது 1984இல். அந்தக் குறைந்ததையும் புருசனே வாங்கிப்போவது அந்நாளில் பல தோட்டங்களில் வழக்கம். சம்பளப் புத்தகத்தில் அம்மாயியின் பெயருக்கு நேரே இருந்த கைநாட்டு தாத்தாவுடையது.